50 வருஷ முடிச்சை ஒரு வாரத்துல முடிச்ச மாணவி! டோபாலஜி இவ்வளவு ஜாலியா?

[திரையில்: கான்வே முடிச்சு]

டோபாலஜின்னா வடிவங்களை வெட்டாம, ஒட்டாம வளைச்சு நீட்டிப் பாக்கிற கணிதம். இந்த முடிச்சு தன்னைத் தானே 11 இடத்துல தாண்டிப் போகுது, அதுக்குப் பேரு குறுக்கு. 1970-ல ஜான் கான்வே போட்ட பட்டியல்ல வந்தது. இதப் பத்தி ஒரு கேள்வி 2018 வரைக்கும் நின்னுச்சு. ஒரு பிஎச்டி மாணவி ஒரு வாரத்துக்குள்ள பதில் சொல்லிட்டாங்க. அதுவும் சாயங்கால நேரத்துல, ஏன்னா பகல்ல செய்ற அளவுக்கு இது நிஜ ஆராய்ச்சியாவே அவங்களுக்குப் படல!

லிசா பிச்சிரில்லோ. பாஸ்டன் காலேஜ், டெக்சஸ் ஆஸ்டின்ல 2019-ல பிஎச்டி, பிராண்டைஸ், 2020-ல எம்ஐடி. பயோடேட்டா அவ்வளவுதான்.

[காட்சி: சுங்கை சிப்புட், மேசை மேல நைலான் கயிறு]

டவுன் ஹார்ட்வேர் கடையில 2 மீட்டர் கயிறு வாங்குங்க. படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு அது மேலயே கயிறை வைங்க. 11 இடத்துலயும் மேலயா கீழயான்னு சரிபாத்துட்டு, கடைசியிலதான் ரெண்டு முனையையும் டேப் போட்டு ஒட்டணும். முதல்லயே ஒட்டினா கோக்க முடியாது. ஒரு இடம் மாறினாலும் அது வேற முடிச்சாயிடலாம்.

இப்போ கேள்வி. நாலு பரிமாணப் பந்து ஒண்ணு, அதோட மேற்பரப்புல இந்த முடிச்சு. பந்துக்குள்ள வழவழன்னு ஒரு வட்டத்தகடு வச்சா, அதோட விளிம்பா இந்த முடிச்சு வருமா? வந்தா அதுக்குப் பேரு ‘ஸ்லைஸ்’.

சிக்கல் எங்கன்னா, முடிச்சுல ஒரு பகுதியை வெட்டி, 180 டிகிரி திருப்பி ஒட்டினா கினோஷிடா-தெராசாகா முடிச்சு வரும். அது ஸ்லைஸ். முடிச்சுகளை அடையாளம் காண உதவுற ஒரு கணக்குதான் அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை. அது ரெண்டுக்கும் 1, அதாவது முடிச்சே இல்லாத வளையத்துக்கு வர்ற அதே விடை! இன்னும் கேளுங்க: ‘வழவழ’ங்கிற நிபந்தனையை எடுத்துட்டா, ஃப்ரீட்மன் தேற்றப்படி கான்வே முடிச்சுக்கும் தகடு உண்டு. அப்போ சண்டை முழுக்க அந்த ஒரு நிபந்தனைக்குத்தான். எனக்கு இந்த வீடியோவிலயே பிடிச்ச இடம் இதுதான்.

லிசா என்ன செஞ்சாங்க? அண்ணன் வாயே திறக்கலன்னா தம்பியக் கூப்பிட்டு விசாரிப்போம்ல, அதான். முடிச்சு வழியா பந்தோட ஒரு கைப்பிடியை ஒட்டினா கிடைக்கிற நாலு பரிமாண வடிவம்தான் ‘ட்ரேஸ்’. ரெண்டு முடிச்சுக்கு ட்ரேஸ் ஒண்ணா இருந்தா, ஒண்ணு ஸ்லைஸ்னா இன்னொண்ணும் ஸ்லைஸ். கான்வே முடிச்சோட அதே ட்ரேஸ் உள்ள வேற ஒரு முடிச்சை அவங்களே உருவாக்கினாங்க. அதான் தம்பி. ராஸ்முசனோட ‘எஸ்’ எண்ணுன்னு ஒரு சோதனை இருக்கு: ஸ்லைஸ் முடிச்சுன்னா இது பூஜ்யமாத்தான் வரணும். கான்வேக்குப் பூஜ்யம். பூஜ்யம்னா ஸ்லைஸ்னு அர்த்தம் இல்ல, ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். பலர் இங்கதான் குழம்புவாங்க. தம்பிக்குப் பூஜ்யம் வரல. ஆக, ரெண்டுமே ஸ்லைஸ் இல்ல!

2020-ல ‘அன்னல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ்’ இதழ்ல கட்டுரை வந்துச்சு. 13 குறுக்குக்குக் கீழ உள்ள முடிச்சுகள்ல பதில் தெரியாம நின்ன கடைசி ஆள் இதுதான்.

எஸ்டிபிஎம்-ல மேத்ஸ் டி எடுக்கிற தம்பி தங்கச்சிங்களா, முடிச்சுகளை ஆராயற ‘ஸ்னாப்பி’ன்னு ஒரு மென்பொருள் இலவசம். கே11என்34 (கான்வே), கே11என்42 (கினோஷிடா-தெராசாகா) ரெண்டையும் குடுத்து, முடிச்சைச் சுத்தி இருக்கிற வெளியோட கன அளவு கேளுங்க. ரெண்டுக்கும் 11.219-னு ஒரே விடை வரும். ஏன்னு யோசிச்சு கமெண்ட்ல போடுங்க லா.