வாசிக்கவா, பூட்டி வைக்கவா?

(பாம்பனில் பழைய பேண்டு வாத்தியங்களின் கண்காட்சியைத் தொடங்கி வைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்னிலை வகிக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, கோயில் கமிட்டிப் பெரியவர்களே, விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கங்களின் பொறுப்பாளர்களே, இரண்டு நாளாக ஜெனரேட்டர் கொடுத்து உதவும் ஐஸ் கம்பெனி முதலாளி அவர்களே, ராமநாதபுரத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் தத்தம் வாத்தியங்களைத் துணி சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்திருக்கும் பேண்டு செட் அண்ணன்மார்களே, மணலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒருவரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். எங்கள் பெரியப்பாவின் சைடு டிரம்முக்குத் தன் ஓய்வூதியத்தில் தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறார். "இனி அதை யாரும் அடிக்க வேண்டாம், பிள்ளைகள் பார்த்தால் போதும்" என்பது ஐயாவின் கட்சி. அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஐயாவை எதிர்த்துப் பேச நாக்கு கூசுகிறது. ஆனாலும் பேசச் சொன்னவரே அவர்தான்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று உலோகம், இரண்டு தோல், மூன்று பழுது பார்க்க ஆள். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழி ஓடுகிறது. "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்." எங்கள் பெரியப்பா வாயில் வெற்றிலை இல்லாத நேரம் இருக்கும், இந்தப் பழமொழி இல்லாத நேரம் இருக்காது.

பெரியப்பா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். 1961-இல் ஊர் திரும்பியபோது தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் பாம்பன் வந்து சேர்ந்தார். டிரங்குப் பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு மடியில் ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு வந்தாராம். இங்கிலாந்தில் செய்தது. முத்துச் சிப்பி நிறத்தில் மேலுறை, பளபளவென்று குரோமியம் பூசிய லக்குகள், அதாவது தோலை இறுக்கும் போல்ட்டுகள் ஏறுகிற பக்கத் துண்டுகள். ஊரே வந்து பார்த்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போயிற்று, கப்பல் போயிற்று, அந்தப் பாதையே போயிற்று. டிரம் மட்டும் பரணில் தப்பித்துக் கிடந்தது.

பத்து வருடம் கழித்து ஒரு திருவிழா. எனக்கு அப்போது ஒன்பது வயது. சப்பரம் கடற்கரைத் தெருவுக்குள் திரும்புகிறது. டிரம்முக்கு அன்றைக்குக் கன்றுக்குட்டித் தோல்தான். கடல் ஈரம் பட்டால் தோல் தளரும், சத்தம் ஈரச் சாக்கில் அடித்ததுபோலாகும். அடித்துக்கொண்டிருந்த அண்ணன் என்ன செய்தார்? போல்ட் முறுக்கும் சாவியைக் காணோமென்று கட்டிங் பிளேயரை வாங்கி, ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடித்து முறுக்கினார். சத்தம் கணீரென்று வந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். அதற்குள் பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து நின்றார்கள். சூட்டில் தோல் காய்ந்தது. காய்ந்த தோல் சுருங்கும், சுருங்கினால் போல்ட்டை இழுக்கும். ஏற்கெனவே முறுக்கிய முறுக்கோடு இந்த இழுப்பும் சேர, "டப்"பென்று ஒரு சத்தம். வெடி போட்டார்கள் என்று நினைத்தோம். லக் ஒன்று இரண்டாகப் பிளந்து தெறித்துவிட்டது.

பெரியப்பா சப்பரத்துக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஒருத்தரும் காலை எடுக்கக் கூடாது!" பவனி நின்றது. சாமியார் நின்றார். "வெளக்கக் கீழே எறக்குடா." பெட்ரோமாக்ஸ் மணலுக்கு இறங்கியது. பேண்டு செட் முழுவதும், வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டியுமாக, மணலில் மண்டி போட்டுத் தேடியது. நானும் தேடினேன். என் அத்தை பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டே தேடினார். கடைசியில் கண்டெடுத்தது ஒரு கைக்குழந்தை. வாயில் போடப் போனதைப் பிடுங்கினார்கள். பெரியப்பா அந்தத் துண்டை வேட்டி முனையில் முடிந்துகொண்ட பிறகுதான் சப்பரம் நகர்ந்தது.

மறுநாள் டவுனில் ஒரு பட்டறை. பட்டறைக்காரர் கேஸ் வைத்துப் பித்தளையால் ஒட்டித் தருகிறேன் என்றார். நெருப்பு பட்டதுதான் தாமதம், துண்டு மெழுகுபோல உருகி ஓடிவிட்டது. அது இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை, துத்தநாகக் கலவையில் அச்சில் வார்த்தது. 400 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். பித்தளை ஒட்டுக்கோ 800-க்கு மேல் சூடு வேண்டும். பெரியப்பா வீட்டுக்கு வந்து மூன்று வேளை சாப்பிடவில்லை.

பிறகுதான் மண்டபத்தில் படகு இன்ஜின் பாகங்கள் கடைகிற லேத் மேஸ்திரியிடம் போனார். அவர் உடைந்ததைப் பார்க்கவில்லை, உடையாத ஒன்றைக் கழற்றித் தரச் சொன்னார். ஒரு பழைய பித்தளைப் புஷ்ஷை எடுத்து அதே வடிவில் கடைந்தார். மரை போட வேண்டிய இடத்தில்தான் சிக்கல். நம் கடையில் கிடைக்கிற மெட்ரிக் போல்ட்டின் மரைக் கோணம் 60 டிகிரி. அந்த டிரம்மில் இருந்ததோ 1841-இல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த மரை, அதன் கோணம் 55 டிகிரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும், பலம் போட்டால் உள்மரையை அறுத்துவிடும். மேஸ்திரி சொன்னார், "ஏறலைன்னா முறுக்காதீங்கண்ணே, அது வேற ஊரு மரை." பழைய ஆங்கில இன்ஜின்களுக்காக வைத்திருந்த, உள்மரை அறுக்கும் டேப்பை எடுத்து அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னார்.

அந்த டிரம்தான் ஐயாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஏழு லக் வெள்ளை, ஒன்று மஞ்சள். எனக்கு அந்த மஞ்சள் லக்தான் முதலில் கண்ணில் படும்.

இப்போது உலோகத்துக்கு வருகிறேன். விசைப்படகுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டி எதற்கு வைக்கிறீர்கள்? உப்பு நீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். டிரம் லக்கும் அதே துத்தநாகம். மேலே குரோமியத் தோல் இருக்கும்வரை பயமில்லை. ஊசிமுனை அளவு புள்ளி விழுந்தால் உப்புக் காற்று உள்ளே நுழைந்துவிடும். அதனால், கரையில் வாசித்துவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். போல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். ஒரு பொட்டு கிரீஸ் போதும். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். ஓரிடத்தில் மட்டும் முறுக்காமல், எதிரெதிர்ப் போல்ட்டாகக் கால் சுற்று, கால் சுற்று என்று ஏற்றுங்கள். பழையதில் புதுத் துளை மட்டும் போடவே போடாதீர்கள். பாகம் மாற்றினால் கழற்றியதை எறியாமல் பொட்டலம் கட்டி, எந்த டிரம், எந்த லக் என்று எழுதி வையுங்கள்.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும் என்பது இதுதான். புது டிரம் முறுக்கிய முறுக்குக்கு ஆடும். பழையது பாடுகிற மாடு, அதற்குப் பாடத்தான் வேண்டும். தளர்வாக வையுங்கள், விளிம்பு வளையமான ரிம்மில் அடிக்காதீர்கள். மூன்று மணி நேரப் பவனிக்குப் புது டிரம்மைக் கொண்டு போங்கள், கோயில் வாசலில் ஒரே ஒரு பாட்டுக்குப் பழையதை எடுங்கள்.

ஐயாவின் கட்சிக்கும் நியாயம் உண்டு. போன பாகம் போனதுதான். இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் வயலின் மேதை பாகனினி வாசித்த வயலின் இருக்கிறது. 1743-இல் செய்தது. இறக்கும்போது நகரத்துக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். நகராட்சி அதைப் பேழையில் பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அவர் பெயரில் நடக்கும் போட்டியில் வென்றவர் கையில் அதை எடுத்துக் கொடுத்து வாசிக்கவும் வைக்கிறார்கள். பெட்டியும் உண்டு, சாவியும் உண்டு. ஐயா, நீங்கள் செய்த பெட்டிக்கு நான் எதிரியே இல்லை.

முரசு கட்டிலில் மோசிகீரனார் தூங்கிப்போனதும் சேர மன்னன் கவரி வீசியதும் எல்லா மேடையிலும் கேட்ட கதை. கட்டில் ஏன் காலியாக இருந்தது? முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள். தெய்வமாகக் கும்பிட்ட முரசுக்கும் கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டு வந்து வைக்க ஆள் இருந்தது.

நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 1914-இல் திறந்தது. உலகத்திலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்றில் நின்றுகொண்டு 2022 டிசம்பர்வரை ரயிலைத் தாங்கியது. 1964 புயலில் உத்திரங்கள் கடலுக்குள் விழுந்தபோது, விழுந்தவற்றை மீட்டெடுத்துப் பொருத்தி ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் ஐயா 46 நாளில் ரயிலை ஓட விட்டார். ரயில் ஓடியதால்தான் ஆள் போய்ப் பார்த்தார்கள், பெயின்ட் அடித்தார்கள், திருகு மாற்றினார்கள். ஓடாத பொருளை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்? பெட்டிக்குள் வைத்த டிரம்மின் லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்ததை, போன மாதம் நான் கழற்றிப் பார்த்த பிறகுதானே கண்டோம்?

தோலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். 1957-இல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி என்ற டிரம் கலைஞர் பிளாஸ்டிக் தோலை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகு ஈரத்தின் தொல்லை தீர்ந்தது. பழைய டிரம்முக்கும் பிளாஸ்டிக் போடுங்கள், தவறில்லை. தோலைச் சுருட்டாமல் தட்டையாக எடுத்து வையுங்கள்.

நான் உண்மையில் கேட்க வந்தது மூன்றாவதைத்தான். மண்டபத்து மேஸ்திரி இப்போது இல்லை. அவர் லேத் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த டேப்புகள் எங்கே போயின என்று வீட்டாருக்கே தெரியவில்லை. இன்றைக்கு ஒரு லக் உடைந்தால் யாரிடம் போவோம்? பெட்டிக்குள் பூட்டச் சொல்கிறவர்கள் பயப்படுவது அடிக்கு இல்லை, உடைந்தால் செய்து கொடுக்க ஆள் இல்லை என்பதற்குத்தான். ஆள் இருந்தால் ஐயாவே சாவியைக் கொடுத்துவிடுவார். கொடுப்பீர்களா ஐயா? தலையாட்டுகிறார், எல்லாரும் பாருங்கள்!

நம் மாவட்டத்து ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு, வாத்தியங்களைப் பழுது பார்க்க ஒரு குறுகிய காலப் பயிற்சி வேண்டும். மரை அளக்க, லக் கடைய, ரிம்மை நேராக்க, தவிலுக்கு வார் பிடிக்க, ஆர்மோனியக் கட்டை மாற்ற. கோயில் தவிலுக்கும், சந்தனக்கூடு ஊர்வலத்து மேளத்துக்கும், மாதா கோயில் பேண்டுக்கும் ஒரே பட்டறை போதும். ஆடுற மாடு, பாடுற மாடு இரண்டையும் கறக்கத் தெரிந்த நாலு பிள்ளைகள் இந்தக் கரையில் இருந்தால் போதும். இதைத்தான் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கான மனு பின்பக்க மேசையில் இருக்கிறது. ஐஸ் கம்பெனி முதலாளி முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜமாத் தலைவர் இரண்டாவதாகப் போட்டு, பட்டறைக்கு இடமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பலமாக ஒரு கைதட்டு கொடுங்கள். கையெழுத்துப் போடாமல் யாரும் டீக்குப் போக வேண்டாம்.

அடுத்து பெரியப்பாவின் பேத்தி வாசிக்கப் போகிறாள். ஐயா, பெட்டிச் சாவியைத் தாருங்கள். பாப்பா, காற்று கடலிலிருந்து வருகிறது, சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், முறுக்காதே. டேய் தம்பி, அந்த லைட்டை அவள் பக்கத்திலிருந்து தள்ளி வை.