வடத்தின் மறுமுனை

நேயர்களுக்கு வணக்கம்.

பார்ஜ் என்ற கலத்தை முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதைக் கப்பல் என்று சொல்லத் தோன்றாது. ஒரு பெரிய இரும்புப் பெட்டி, மேலே தட்டையான தளம், அவ்வளவுதான். பெரும்பாலான பார்ஜுகளில் ஓட்டும் இயந்திரம் கிடையாது. தானாக ஓர் அடிகூட நகராது. ஆனால் நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் பாகங்கள், குழாய்கள், இப்போது காற்றாலைகளின் அடித்தூண்கள் எல்லாம் அந்தப் பெட்டியின் முதுகில் ஏறித்தான் போய்ச் சேருகின்றன. முன்னால் நின்று இழுப்பது டக் என்கிற இழுவைப் படகு. இந்த இரண்டையும் வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்களில், முதலில் கடலிலும் அப்புறம் கரை அலுவலகத்திலுமாகப் பல வருடங்கள் இருந்தேன். அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பார்ஜும் டக்கும் சேர்ந்து வேலை செய்வது பழைய கதை. 1803-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் சைமிங்டனின் ‘சார்லட் டண்டாஸ்’ என்ற நீராவிப் படகு, 70 டன் பார்ஜுகள் இரண்டைக் கால்வாயில் இழுத்துக் காட்டியது. எண்ணெய்த் தொழிலில் பார்த்தால், 1947-இல் மெக்ஸிகோ வளைகுடாவில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் முதன்முதலாக ஒரு கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார்கள். அங்கே மேடை சின்னது. சாமான்களுக்கும் ஆட்கள் தங்குவதற்கும் இடம் கொடுத்தது பக்கத்தில் கட்டி நின்ற ஒரு பார்ஜ். உலகப் போரில் கடற்படைக்காகக் கட்டி, போர் முடிந்ததும் விற்கப்பட்ட கலம் அது.

டக்கின் பலத்தைக் குதிரைத்திறனில் சொன்னால் எங்களுக்குப் போதாது. கரையில் உறுதியான ஒரு கட்டுக்கம்பத்தில் வடத்தை மாட்டி, இடையில் விசை காட்டும் கருவியை வைத்து, படகை முழுப் பலத்தோடு இழுக்கவிடுவோம். கருவி எத்தனை டன் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. ‘பொல்லார்ட் புல்’ என்போம். இன்றைய துறைமுக டக் 50, 60 டன் இழுக்கும். ஆழ்கடலில் ரிக் என்கிற துளையிடும் மேடைகளின் நங்கூரங்களைக் கையாளும் பெரிய கப்பல்கள் 200, 300 டன்னுக்கும் போகும்.

ஒரு பார்ஜுக்கு எவ்வளவு இழுவிசை வேண்டும்? திறந்த கடல் பயணத்துக்குப் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு இது: அலை 5 மீட்டர், காற்று நொடிக்கு 20 மீட்டர், நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர். இந்த மூன்றும் ஒன்றாக எதிர்த்து வந்தாலும் டக் பின்வாங்காமல் பார்ஜைப் பிடித்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் முன்னேற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நின்றால் போதும். எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

அடுத்தது வடம். டக்குக்கும் பார்ஜுக்கும் நடுவே ஆழ்கடலில் பல நூறு மீட்டர் எஃகு வடம் போகும். அது விறைப்பாக நிற்கக் கூடாது. தன் எடையாலேயே நடுவில் தொங்கி, தண்ணீருக்குள் வளைந்து கிடக்க வேண்டும். அலை டக்கைத் தூக்கி எறியும்போது அந்தத் தொய்வு கொஞ்சம் நிமிரும், அலை இறங்கும்போது திரும்பத் தொங்கும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தொய்வுதான். அது இல்லாமல் வடம் சுண்டி இழுபட்டால், எவ்வளவு தடித்த எஃகும் தாங்காது. ஆழம் குறைந்த இடத்துக்கு வந்துவிட்டால் இதே வடம் தரையில் உரசும். அங்கே சுருக்கிக்கொள்ள வேண்டும். அதனால் டக்கில் கேப்டனின் ஒரு கண் எப்போதும் பின்பக்கம்தான் இருக்கும்.

வடம் தாங்கினாலும் அதை இணைக்கும் ஷேக்கிள் என்ற எஃகு வளையமும் தாங்க வேண்டுமே. 2012 டிசம்பர் 27 அன்று அலாஸ்கா கடலில் ‘குல்லுக்’ என்ற துளையிடும் கலத்தை இழுத்துப்போன வடத்திலிருந்து ஒரு ஷேக்கிள் விட்டுப்போனது. குல்லுக்குக்கும் சொந்த உந்துவிசை கிடையாது. அப்புறம் இழுத்துப்போன கப்பலின் நான்கு இயந்திரங்களும் நின்றன. குல்லுக்கில் இருந்த 18 பேரை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். டிசம்பர் 31 அன்று அது ஒரு தீவோரம் தரைதட்டியது. பிறகு அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடத்திய விசாரணை ஷேக்கிளோடு நிற்கவில்லை. அலாஸ்காவின் குளிர்காலக் கடலில் அந்தப் பயணத்துக்குப் புறப்பட முடிவெடுத்ததையே முதன்மையான காரணமாகச் சொன்னது.

கடலுக்குப் போகிற நேயர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் எதிரே ஒரு படகில் மூன்று வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், அதன் இழுவை 200 மீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு விளக்கு என்றால் அதைவிடக் குறைவு. பின்பக்கத்தில் வெள்ளை விளக்குக்கு மேலே மஞ்சள் விளக்கு இருக்கும். பகலில், நீண்ட இழுவை என்றால், வைர வடிவக் கறுப்பு அடையாளம் தொங்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டால் டக்குக்கும் பார்ஜுக்கும் இடையே தயவுசெய்து குறுக்கே போகாதீர்கள். அங்கே கடல் காலியாகத்தான் தெரியும். வடம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பின்னால் வரும் பார்ஜுக்கு பிரேக்கும் கிடையாது, விலகவும் தெரியாது.

பார்ஜில் சாமான் மட்டும் போவதில்லை, ஆட்களும் தங்குகிறார்கள். 2021 மே மாதம் டவ்தே புயலின்போது, மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயலில் நின்ற பி-305 என்ற பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை பல நாள் முன்பே வந்திருந்தது. நங்கூரங்கள் பிடி விட்டன. பார்ஜ் காற்றும் அலையும் தள்ளிய பக்கமெல்லாம் போய், மே 17 அன்று மூழ்கியது. வரப்பிரதா என்ற டக்கும் அதே புயலில் மூழ்கியது. இரண்டிலும் சேர்த்து 86 பேர் இறந்தார்கள். மேடையில் வேலை செய்ய வந்த தொழிலாளிகள் அங்கே தூங்கி, சாப்பிட்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். தாங்கள் படுத்திருக்கும் கலம் எப்போது அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் அவர்கள் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த நாட்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றும் அதை நினைக்காமல் ஒரு பார்ஜைப் பார்க்க முடிவதில்லை.

சுமையோடு போகும் இழுவையின் வேகம் பெரும்பாலும் நாலைந்து நாட் (knot), அதாவது மணிக்கு நாலைந்து கடல் மைல்தான். ஐந்து நாட் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு முழு நாளில் 220 கிலோமீட்டர் சொச்சம். இந்த வேகத்தில் புயலிடமிருந்து தப்பி ஓட முடியாது. புறப்படுவதற்கு முன்னாலேயே யோசித்தாக வேண்டும்.

அங்கேதான் பணம் உள்ளே வருகிறது. இழுவை ஒப்பந்தங்களில் இரண்டு வகை அதிகம். மொத்தத் தொகைக்குப் பேசுவது ஒன்று, நாள் வாடகைக்குப் பேசுவது மற்றொன்று. மொத்தத் தொகை என்றால் தாமதத்தின் செலவு பெரும்பாலும் டக் நிறுவனத்தின் தலையில் விழும். நாள் வாடகை என்றால் வேலை கொடுத்தவர் தலையில். காத்திருக்கும் செலவு யாருடையதோ அவர் குரல் துறைமுகத்தில் சத்தமாகக் கேட்கும். ஆகவே ஒரு பார்ஜ் நிறுவனத்தில் எத்தனை டக் இருக்கிறது என்று நான் முதலில் கேட்க மாட்டேன். “இன்று போக வேண்டாம்” என்று கேப்டன் சொன்னால் அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்றுதான் கேட்பேன்.

ஒருமுறை துறைமுகத்துக்குள் நான்கு நாள் நின்றோம். உள்ளே தண்ணீர் அசையவே இல்லை. வேலை கொடுத்தவர்களின் ஆட்கள் தளத்துக்கே வந்து, “இந்தக் கடலையா பார்த்துப் பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டார்கள். வெளியே அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் நீண்ட அலை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கேப்டன் எதுவும் வாதாடவில்லை. முன்னறிவிப்புத் தாளை மேசையில் விரித்துவைத்துவிட்டு, ஒவ்வொரு ஷேக்கிளின் பூட்டாணியையும் மறுபடி பார்த்துவிட்டு வரச் சொன்னார். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு போன் வந்தது. “நீங்கள் சொல்லும்போது போகலாம்” என்றார்கள். ஐந்தாம் நாள் விடிகாலை அலை இறங்கியது. வடத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு கிளம்பினோம்.

வணக்கம்.