அந்த வார்த்தை யாருடையது?

வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு ஜேம்ஸ் வுட் பத்திப் பேசலாம்னு உக்காந்திருக்கேன். இலக்கிய விமர்சகர். நான் கதை படிக்கிற விதத்தையே மாத்தின ஆள்.

1965-ல இங்கிலாந்து டர்ஹாம்ல பிறந்தவர். முப்பது வயசுக்கு முன்னாடியே கார்டியன் பத்திரிகையோட தலைமை இலக்கிய விமர்சகர். 1995-ல அமெரிக்காவுக்குப் போய் நியூ ரிபப்ளிக் பத்திரிகை, 2007-லேர்ந்து நியூயார்க்கர் பத்திரிகை. ஹார்வர்டுல பாடமும் எடுத்திருக்கார். நாவலும் எழுதியிருக்கார். சரி, அதெல்லாம் இருக்கட்டும். 2008-ல வந்த அவரோட ‘ஹவ் ஃபிக்‌ஷன் வொர்க்ஸ்’ புத்தகம் இருக்கே, அதுக்கு வருவோம்.

அதுல எனக்குப் பெரிய திறப்பா இருந்தது, கதைக்குள்ள ஒரு வார்த்தை யாரோட வார்த்தைங்கிற கேள்வி. நானே ஒரு உதாரணம் சொல்றேன், கேளுங்க. “அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். பெரிய மனிதர் மன்னிப்புக் கேட்கிறாராம்.” அவ்வளவுதான். “என்று நினைத்தாள்”னு எங்கயும் இல்ல. மேற்கோள் குறியும் கிடையாது. ஆனா அந்த “பெரிய மனிதர்” யார் சொல்றது? எழுத்தாளரா? இல்லவே இல்ல, அவ! அந்தக் கடைசி “ஆம்” இருக்கு பாருங்க, கேட்கிறார்-ஆம், அந்த ஒரு அசையில அவளோட கசப்பு மொத்தமும் வந்து உக்காந்துடுது. கதைசொல்லியோட வாக்கியத்துக்குள்ள பாத்திரம் சத்தமில்லாம நுழைஞ்சு பேசிட்டுப் போயிடுது. நாவல்ல இந்த உத்தி எப்படியெல்லாம் வேலை செய்யுதுன்னு வுட் வரி வரியா பிரிச்சுக் காட்டுறார். தமிழ்ல நாம இதைத் தினமும் பேச்சுலயே பண்றோம், அதான் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு இடம். ஜார்ஜ் ஆர்வெல் பர்மாவுல நடக்கிற ஒரு தூக்குத் தண்டனையைப் பத்தி 1931-ல எழுதினது. கைதியைத் தூக்குமேடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வழியில தண்ணி தேங்கியிருக்கு. அவன் கால்ல படாம லேசா ஒதுங்கி நடக்கிறான். இன்னும் சில நிமிஷத்துல சாகப்போறவன்! டால்ஸ்டாய்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு: சுடப்படப்போற ஒரு பையன், கண்கட்டோட முடிச்சு பின்னந்தலையில உறுத்துதுன்னு தானே அதைச் சரி பண்ணிக்கிறான். வுட் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறார். எனக்கு அங்க புத்தகத்தை மூடி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்போல ஆயிடுச்சு.

எல்லாத்துலயும் அவரோட ஒத்துப்போறேன்னு சொல்லமாட்டேன். 2000-ல ஜேடி ஸ்மித்தோட முதல் நாவலை விமர்சிக்கும்போது, ஓயாம சம்பவமும் சத்தமுமா ஓடுற பெரிய நாவல்களுக்கு ‘ஹிஸ்டீரிகல் ரியலிசம்’னு பேர் வச்சார். அந்தப் பேர் வலிச்சாலும் பொருத்தம்தான்னு ஸ்மித்தே எழுதினாங்க. ஆனா எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். கூட்டமா வர்ற மனுஷங்களுக்கும் உயிர் இருக்கு. வுட்டுக்கு ஒரே ஒரு மனசுக்குள்ள ஆழமா இறங்குறதுதான் நாவல். அங்க அவர் அளவுகோல் கொஞ்சம் குறுகலா இருக்குங்கிறது என் அபிப்பிராயம்.

இப்பல்லாம் நான் பென்சிலோடதான் படிக்கிறேன். பாத்திரத்தோட வார்த்தை எழுத்தாளர் வாக்கியத்துக்குள்ள வந்து நிக்கிற இடத்துல ஒரு கோடு. நீங்க இப்போ படிச்சிட்டிருக்கிற கதையில அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா, அந்த ஒரு வரியை மட்டும் கமெண்ட்ல போடுங்க. எல்லாத்தையும் படிக்கிறேன்.