பைலட் கிராண்ட்: 40,000 டாலரை எங்கே தேடுவது, எதற்கென்று கேட்பது

[திரையில்: ஆர்01 விண்ணப்பத்தின் ஒரு பக்கம். நடுவில் ஒரு வெற்றுக் கட்டம்.]

ஆர்01 என்பது அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் பெரிய ஆய்வு நிதி. அதன் விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டத்தை எழுத 12 பக்கம் தருகிறார்கள். அந்தப் பன்னிரண்டில் எந்தத் தரவுப் படத்துக்கான இடம் உங்களிடம் இன்னும் காலியாக இருக்கிறது? பைலட் கிராண்ட், அதாவது பெரிய ஆய்வுக்கு முன்னோட்டமான சிறு ஆய்வுக்குத் தரும் நிதி, தேடக் கிளம்புமுன் இதற்குப் பதிலை ஒரே வரியில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். பைலட் பணம் தருவதே அந்தக் கட்டத்தை நிரப்பத்தான். கொடுப்பவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இந்த வீடியோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவ ஆய்வு தொடங்கும் உதவிப் பேராசிரியர்களுக்கானது. உதாரணத்துக்கு ஒரு திட்டத்தை வைத்துக்கொள்வோம்: சிறுநீரக நோயாளிகள் ஒரு மருந்தைத் தொடங்குமுன்னும், தொடங்கி 3 மாதம் கழித்தும் இரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்க வேண்டும். கையில் வேண்டியது 40,000 டாலர், ஓராண்டு.

[திரையில்: பல்கலைக்கழக வரைபடம். ஒவ்வொரு மையமாக விளக்கு எரிகிறது.]

பணம் பெரும்பாலும் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கூகுளில் தேடினால் பாதிதான் கிடைக்கும், அதிலும் கெடு முடிந்துபோன அறிவிப்புகளே அதிகம்.

முதல் கதவு சிடிஎஸ்ஏ. ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் ஆய்வுக்காக என்ஐஎச் 2006-இல் தொடங்கிய திட்டம் இது. இப்போது என்கேட்ஸ் என்ற மையத்தின் கீழ் நாடெங்கும் 60-க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. உங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் இருக்கும். ‘கிளினிக்கல் அண்ட் டிரான்ஸ்லேஷனல் சயன்ஸ் இன்ஸ்டிடியூட்’ என்கிற மாதிரி ஒரு நீளமான பெயர். அநேகமாக எல்லா சிடிஎஸ்ஏ மையமும் ஆண்டுதோறும் பைலட் போட்டி நடத்தும். தொகை இடத்துக்கு இடம் மாறினாலும் ஓராண்டுக்கு 50,000 டாலர்வரை என்பது சாதாரணம்.

இரண்டாவது கதவு நிறையப் பேர் கண்ணில் படுவதில்லை. என்ஐஎச் பெரிய ஆய்வு மையங்களுக்குத் தரும் பி30, பி50 போன்ற கிராண்டுகளுக்கு உள்ளேயே சின்னத் திட்டங்களுக்கென்று ஒரு பங்கு இருக்கும். நீரிழிவு ஆய்வு மையங்களில் ‘பைலட் அண்ட் ஃபீசிபிலிட்டி’ என்பார்கள். அல்சைமர் மையங்களிலும் எய்ட்ஸ் ஆய்வு மையங்களிலும் ‘டெவலப்மென்டல்’ என்ற பெயரில் வரும். ‘பைலட்’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தேடுகிறவர்களுக்கு இவை சிக்காது.

பிடிக்க வழி இருக்கிறது. என்ஐஎச் ரிப்போர்ட்டர் தளத்தைத் திறங்கள். நிறுவனம் என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர். கிராண்ட் வகைக் குறியீட்டில் பி20, பி30, பி50, யு54, யுஎம்1, யுஎல்1. வரும் பட்டியலில் ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் படித்து, சின்னத் திட்டங்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லும் மையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. பிறகு அதே தேடலைப் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் செய்துபாருங்கள். சில மையங்கள் வெளியாரையும் ஏற்கும், உள்ளே ஒரு கூட்டாளி இருந்தால் போதும்.

புற்றுநோய்த் துறை என்றால் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி பல்கலைக்கழகங்களுக்கு மொத்தமாகத் தரும் நிதி ஒன்று உண்டு. அதைப் பிரித்து இளம் ஆசிரியர்களுக்குக் கொடுப்பது பல்கலைக்கழகமே. என்ஐஎச் பணம் குறைவாகப் போகும் மாநிலங்களுக்கென்று ‘ஐடியா’ என்ற திட்டம் இருக்கிறது. உங்கள் மாநிலம் அதில் இருக்கும் 23 மாநிலங்களில் ஒன்றா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தத் திட்டத்தின் கோப்ரே, இன்ப்ரே மையங்களிலும் பைலட் பணம் கிடைக்கலாம். மெயின், மொன்டானா, மிசிசிப்பி போன்ற இடங்களில் இருப்பவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, தேசிய அளவிலான போட்டியில் போய் நிற்கிறார்கள்.

[திரையில்: ஆர்03, ஆர்21, ஆர்01 மூன்றும் அருகருகே.]

‘நேரே ஆர்21 கேட்டால் என்ன?’ கேட்கலாம். ஆர்21, ஆர்03 இரண்டும் என்ஐஎச்-இன் சிறிய கிராண்டுகள். ஆர்21 என்பது இரண்டு ஆண்டுக்கு நேரடிச் செலவாக 275,000 டாலர்வரை. ஆர்03 ஆண்டுக்கு 50,000வரை, இரண்டு ஆண்டு. இரண்டுக்கும் ஆய்வுத் திட்டம் 6 பக்கம்தான். ஆனால் ஒரு சிக்கல்: எல்லா என்ஐஎச் நிறுவனமும் பொது ஆர்21 அறிவிப்பில் சேர்வதில்லை. சிறுநீரகம் வரும் என்ஐடிடிகே, இதயம் வரும் என்எச்எல்பிஐ இரண்டுமே பல ஆண்டுகளாக அதில் இல்லை. ஆக, நம் உதாரணக்காரருக்குப் பைலட் முடிந்ததும் அடுத்த படி ஆர்01-தான். இதைப் பைலட் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘மேலும் நிதிக்கு விண்ணப்பிப்போம்’ என்ற வரி எதையும் சொல்வதில்லை. ‘என்ஐடிடிகே, ஆர்01, அக்டோபர் 5 கெடு’ என்று எழுதுங்கள்.

விசா பற்றிய கேள்வி தமிழர்களிடமிருந்து அடிக்கடி வரும். ஆர் வகைக் கிராண்டுகளுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. கே வகைப் பயிற்சி விருதுகளில்தான் தேவை, அதிலும் கே99 விதிவிலக்கு. உள் பைலட்களில் பொதுவாகப் பார்ப்பது பதவியைத்தான். ஆசிரியப் பதவி இருந்தால் எச்-1பி தடையில்லை. போஸ்ட்டாக் என்றால் பெரும்பாலும் தலைமை ஆய்வாளராக முடியாது. இன்னொரு பயமும் வேண்டாம்: பைலட் வாங்கினால் என்ஐஎச்-இன் ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ தகுதி போய்விடாது. கடைசிப் பட்டம் அல்லது மருத்துவப் பயிற்சி முடிந்து 10 ஆண்டுவரை இருக்கும் அந்தத் தகுதியை இடையில் முடிப்பது பெரிய கிராண்ட்தான். ஆர்03, ஆர்21-உம் முடிக்காது.

[திரையில்: 96 குழித் தட்டு. குழிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

இப்போது எண்ணிக்கை. ‘40 நோயாளிகள்’ என்று எழுதிவிடுவது சுலபம். இரத்தத்தில் புரதத்தை அளக்கும் எலைசா சோதனைத் தட்டை எடுத்து எண்ணிப்பாருங்கள். மொத்தம் 96 குழி. பூஜ்யத்தையும் சேர்த்து 8 அளவுத் தரங்கள் (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள்), ஒவ்வொன்றும் இரண்டு குழி: 16 போயிற்று. தரக்கட்டுப்பாட்டு மாதிரி இரண்டு, அவையும் இரட்டையாக: இன்னும் 4. மிச்சம் 76 குழி. ஒரு மாதிரிக்கு இரண்டு குழி என்றால் 38 மாதிரி. ஒருவரின் முன், பின் மாதிரிகள் இரண்டும் ஒரே தட்டில் போக வேண்டும். இல்லாவிட்டால் மருந்தின் வித்தியாசமா, தட்டுக்குத் தட்டு வரும் வித்தியாசமா என்று பிறகு பிரிக்கவே முடியாது. அப்படியானால் தட்டுக்கு 19 பேர், இரண்டு தட்டில் 38 பேர். 40 பேரும் கடைசிவரை வந்துவிட்டால் அந்த இரண்டு பேருக்காக மூன்றாவது கிட் (ஒரு தட்டும் அதற்கான பொருள்களும்) உடைக்க வேண்டும்.

ஆகவே 40 பேரைச் சேர்ப்போம், முடிப்பவர் 38-ஐத் தாண்டமாட்டார் என்று எதிர்பார்க்கிறோம், இரண்டு தட்டு, ஒரு உபரி கிட், மூன்றும் ஒரே லாட் எண், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதி, என்று எழுதுங்கள். மதிப்பீட்டாளருக்கு இந்த ஒரு வரி போதும், நீங்கள் பைப்பட் பிடித்தவர் என்று தெரிந்துவிடும்.

[திரையில்: பட்ஜெட் அட்டவணை, வரி வரியாக.]

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் ஆண்டுச் சம்பளம் 60,000, அதில் 30 சதவீத நேரம்: 18,000. அதன்மேல் ஃப்ரிஞ்ச் (காப்பீடு, ஓய்வூதியம் போன்ற ஊழியர் சலுகைச் செலவு) 30 சதவீதம் என்று வைத்தால் 5,400. இந்த இரண்டாவது வரியைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். உங்கள் இடத்து வீதத்தைத் துறை நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள். பங்கேற்பாளருக்கு வருகைக்கு 30 டாலர், 80 வருகை: 2,400. இரத்தம் எடுக்கும் கிளினிக் கட்டணம் வருகைக்கு 75: 6,000. கிட் மூன்று, 650 வீதம்: 1,950. புள்ளியியலாளர் 40 மணி நேரம், 100 வீதம்: 4,000. கூட்டினால் 37,750. மிச்ச 2,250 குழாய்க்கும் உலர்பனிக்கும் கூரியருக்கும். ஆய்வுக்கூடப் பொருள் இவ்வளவு மலிவா என்று தோன்றும். ஆம், நோயாளிகளோடு செய்யும் ஆய்வில் பணம் போவது மனிதர்களின் நேரத்துக்குத்தான்.

தலைமை ஆய்வாளர் சம்பளம், மாநாட்டுப் பயணம் இரண்டையும் பல பைலட்கள் அனுமதிப்பதில்லை. மேல்நிலைச் செலவும் (கட்டடம், நிர்வாகத்துக்காகப் பல்கலைக்கழகம் எடுக்கும் பங்கு) அநேகமாகக் கிடையாது. அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் அட்டவணையைத் திறக்க வேண்டும்.

[திரையில்: ஜூலை முதல் ஜூன்வரை ஒரு பட்டை.]

பைலட்கள் கவிழ்வது பெரும்பாலும் நாட்காட்டியில். ஜூலை 1 தொடக்கம், ஜூன் 30 முடிவு என்று கொள்வோம். விருதுக் கடிதம் வந்த பிறகு ஐஆர்பி-க்கு (மனிதர்களோடு செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) அனுப்பினால் ஆகஸ்ட் முடிந்துவிடும். சிடிஎஸ்ஏ பணம் என்றால், மனிதர்களோ உயிருள்ள முதுகெலும்பு விலங்குகளோ இருக்கும் ஆய்வுக்கு என்கேட்ஸின் முன் அனுமதியும் வேண்டும். அதற்கு 30 நாளாவது ஒதுக்குங்கள். முதல் நோயாளி அக்டோபரில். இரண்டாவது இரத்தம் 3 மாதம் கழித்து, அளவீட்டுக்கு ஜூன் மாதம். ஆக, பிப்ரவரி கடைசிக்குப் பிறகு யாரையும் சேர்க்க முடியாது. மாதம் 5 பேர் என்றால் 25 பேர். 40 எங்கே, 25 எங்கே!

ஐஆர்பி விண்ணப்பத்தைப் பைலட் விண்ணப்பம் போட்ட அதே வாரம் அனுப்பி, என்கேட்ஸ் காகிதங்களையும் ஜூனுக்குள் முடித்தால் ஜூலை முதல் பிப்ரவரிவரை 8 மாதம், சரியாக 40. ஒருங்கிணைப்பாளரைப் புதிதாக வேலைக்கு எடுக்கப் போகாதீர்கள். மனிதவளத் துறையிலேயே இரண்டு மாதம் போய்விடும். ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் நேரத்தில் பங்கு கேளுங்கள். மிச்சமான பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நம்பி எதையும் திட்டமிடக் கூடாது.

[திரையில்: நோக்கங்கள் பக்கம். ஒரு வாக்கியம் சிவப்பில் அடிக்கப்படுகிறது.]

எழுதும்போது அதிகம் தென்படும் தவறு: ‘இந்தப் பைலட்டில் கிடைக்கும் விளைவளவை வைத்து ஆர்01-இன் மாதிரி எண்ணிக்கையைக் கணக்கிடுவோம்.’ ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அந்த ஒரு சோறு வெந்ததா என்று சொல்லும், பந்தியில் எத்தனை பேருக்குப் போதும் என்று சொல்லாது. சிறிய குழுவில் வரும் விளைவளவு, அதாவது மருந்தால் வரும் மாற்றத்தின் அளவு, குலுங்கிக்கொண்டே இருக்கும். கேட்டவர்களில் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்ற எளிய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேரைக் கேட்டு 10 பேர் ஒப்புக்கொண்டால், உண்மையான சம்மத வீதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். 60 பேரில் 30 என்றால் அந்த வீச்சு ஏறத்தாழ 38 முதல் 62.

அதற்குப் பதிலாகப் பைலட் உறுதியாகத் தரக்கூடியதைச் சொல்லுங்கள்: சம்மத வீதம், 3 மாதம் கழித்துத் திரும்பி வருபவர் வீதம், அளவீட்டின் சிதறல், உறைய வைத்த மாதிரியில் புரதம் தாங்குகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் வையுங்கள். ‘சம்மதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் இரண்டாவது மருத்துவமனையைச் சேர்ப்போம்’ என்பது போல. மருந்தின் பலன் எவ்வளவு இருந்தால் பொருட்படுத்தத்தக்கது என்பதை மருத்துவ நியாயத்திலிருந்து எடுங்கள்.

படிக்கப் போகிறவர் உங்கள் துறைக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. இதயக்காரரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து படிப்பார்கள். முதல் பத்தியிலேயே புரதத்தின் பெயரைச் சுருக்கெழுத்தில் நுழைத்தால் அங்கேயே விட்டுவிடுவார்கள். துறைத் தலைவரின் கடிதத்தில் ‘முழு ஆதரவு’ என்ற சொல்லைவிட, ‘வாரத்தில் ஒன்றரை நாள் கிளினிக்கிலிருந்து விடுவிக்கிறேன்’ என்ற வாக்கியத்துக்கு எடை அதிகம்.

அனுப்புமுன் பைலட் திட்ட மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கேள்வி மூன்றே: என் பதவிக்குத் தகுதி உண்டா, சென்ற ஆண்டு எத்தனை விண்ணப்பத்தில் எத்தனைக்குக் கிடைத்தது, நிராகரித்தால் மதிப்பீட்டுக் குறிப்பு தருவீர்களா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று சொல்லும் இடத்துக்கு முதலில் அனுப்புங்கள். அதே குறிப்பை வைத்துத் திருத்தி அடுத்த கதவைத் தட்டலாம்.

கிடைத்துவிட்டால், விருதுக் கடிதத்தில் இருக்கும் மையத்தின் என்ஐஎச் கிராண்ட் எண்ணைக் குழுவில் உள்ள எல்லாருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். அந்தத் தரவிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த எண் இருக்க வேண்டும், கட்டுரை பப்மெட் சென்ட்ரலில் ஏற வேண்டும். பைலட் முடிந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் மையம் கேட்டுக்கொண்டே இருக்கும்: என்ன வெளியிட்டீர்கள், ஆர்01 என்ன ஆயிற்று?