முகப்புக்குப் பின்னால்: ஜார்ஜ் டவுன் கடைவீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். 2008 ஜூலை 7ஆம் தேதி, மலாக்காவோடு சேர்ந்து நம் பினாங்கு ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அதிலிருந்து எல்லாரும், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளின் முகப்பைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நான் பேச வந்தது உள்ளே இருக்கும் சுவரைப் பற்றி.

குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியா பக்கம் அஞ்சடியிலேயே, அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையிலேயே, நடந்து போங்கள். மேல்மாடி முன்னால் நீண்டு வெயிலையும் மழையையும் தாங்குகிறது. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதித்த ஏற்பாடு இது. பிறகு மலாயாப் பட்டணங்களிலும் பரவியது. இப்போது பாதி அஞ்சடியில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும்தான் நிற்கின்றன. அந்த வம்பு இன்னொரு நாளைக்கு!

கடைவீட்டுக்கு முகம் குறுகல், உடம்பு நீளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறும், வெளிச்சம் உள்ளே இறங்கும். பலர் அதையும் தகரம் போட்டு மூடிவிட்டார்கள். பிறகு குளிர்சாதனம் இல்லாமல் இருக்க முடியவில்லை என்கிறார்கள்.

சுவர் செங்கல், பூச்சு சுண்ணாம்பு. பழைய சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபட்டுப்போகிறது. அது இன்னும் உயரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சையே தள்ளிவிடுகிறது. “பழைய வீடு, அப்படித்தான்” என்று வீட்டுக்காரர் சொல்வார். பழியெல்லாம் புதுச் சிமெண்ட் மேல்தான்.

ஆனால் சிமெண்டை விடப் பெரிய சேதம் ஆள் இல்லாததுதான் என்பேன். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு காலாவதியானதும் வாடகை ஏறியது. பல குடும்பங்கள் வெளியேறின. ஆள் இருந்தால் ஓடு ஒன்று நழுவினாலும் அன்றைக்கே தெரியும். பூட்டிய வீட்டில் உத்தரம் இற்றுப்போன பிறகுதான் தெரிகிறது.

இப்போது பழுதுபார்க்கப் போகிறவர்கள் முதலில் மாநகர் மன்றத்தில் அனுமதி கேளுங்கள். சிமெண்டைப் பக்குவமாகச் சுரண்டி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள்; அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அப்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். கொத்தனாரைப் பேசும்போதே, சுண்ணாம்பு வேலை செய்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.