டீசல் காருக்கும் ஒரு றேஸ் இருக்கு

வணக்கம் நேயர்களே. வாகனங்களைப் பற்றி ஏதாவது கதையுங்கோ எண்டுதான் என்னைக் கூப்பிட்டவை, நான் டீசல் கார் றேஸ் பற்றிக் கதைக்கப்போறன் எண்டு சொல்ல இஞ்ச இருந்த எல்லாரும் சிரிச்சுப்போட்டினம். சிரிக்கத்தான் செய்வினம். டீசல் எண்டா எங்கட ஆக்களுக்கு டொல்பின் வேன், மீன் ஏத்துற கூலர் லொறி, தம்பலகாமத்து வயல்ல நிக்கிற உழவு மெசின், அவ்வளவுதான். ஆனா பிரக்கெட் றேஸ் எண்டு ஒண்டு இருக்கு, அதில உங்கட வீட்டு முத்தத்தில நிக்கிற பழைய டீசல் கொரோலாவால ஒரு புது பெற்றோல் டர்போ காரை வெல்லலாம், கள்ளமில்லை, சட்டமே அப்பிடித்தான்.

டிராக் றேஸ் எண்டா நேர் ரோட்டில ரெண்டு வாகனம் நிண்ட நிலையில இருந்து வெளிக்கிட்டு கால் மைல் ஓடுறது. கால் மைல் எண்டா 402 மீட்டர். எங்கட திருகோணமலைக் கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், அப்ப தூரம் எவ்வளவெண்டு விளங்கும்தானே, ஆனா ஐயோ, பாலத்தில ஓடிப் பாக்காதேங்கோ. பிரக்கெட் றேஸில என்ன விசேசம் எண்டா, உங்கட வண்டி அந்தத் தூரத்தை எத்தினை செக்கனில ஓடும் எண்டு நீங்களே முதல் சொல்லோணும். அதுக்கு டயல்-இன் எண்டு பேர், கார் கண்ணாடியில வெள்ளை சப்பாத்துப் பொலிசால பெரிசா எழுதி விடுவினம். உங்கட கொரோலா 20.40 எண்டு வைப்பம், பக்கத்தில நிக்கிறவர் 14.10 எண்டு எழுதியிருக்கிறார், வித்தியாசம் 6.30 செக்கன், அவ்வளவு நேரம் முந்தி உங்களுக்குப் பச்சை விழும், அவர் எஞ்சினை உறுமிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கோணும்.

அப்ப கள்ளமா 22 எண்டு எழுதினா சரிதானே எண்டு கேப்பியள். எழுதினதைவிட வேகமா ஓடினா தோல்வி! பிரேக்-அவுட் எண்டு சொல்லுறது. 20.40 எழுதிப்போட்டு 20.39 ஓடினாலும் போச்சு. ரெண்டு பேரும் அப்பிடி மீறினா குறைய மீறினவர் வெல்லுவார். பச்சைக்கு முன்னமே வெளிக்கிட்டா சிவப்பு லைட், அது அதைவிடப் பெரிய குற்றம். அப்ப கெட்டித்தனம் எல்லாம் ஓடுறதில இல்லை, தன்ர வண்டியைச் சரியாத் தெரிஞ்சு வைச்சிருக்கிறதிலதான் இருக்கு.

இப்ப டீசலுக்கு வருவம். பெற்றோல் எஞ்சினில அக்சிலேட்டர் காத்தைத் திறந்து மூடும், பழைய டீசல்ல பெரும்பாலும் அப்பிடியில்லை, காத்து தன்பாட்டில உள்ள போகும், கால் மிதிக்கிறது டீசல் அளவை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும். அடிமட்டும் மிதிச்சா பம்ப் எவ்வளவு குடுக்கோணும் எண்டு செற் பண்ணி வைச்சிருக்கோ அவ்வளவுதான் குடுக்கும், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பழைய டீசல் கொரோலாவில வாற டர்போ இல்லாத 2சி எஞ்சின், 1974 சிசி, அதில ஆச்சரியம் ஒண்டும் கிடையாது, ஒரே மாதிரி இரைஞ்சுகொண்டு ஒரே மாதிரி ஓடும், ஸ்பார்க் பிளக் இல்லை, ரயர் சுத்திப் புகை கிளப்புற அளவுக்குப் பலமும் இல்லை. மற்ற றேஸில இது குறை, இஞ்ச இதுதான் பலம். டர்போ டீசல் எண்டா கொஞ்சம் கவனம், முதல் ஓட்டத்துக்குப் பிறகு சூடு ஏறி உள்ள போற காத்து மெலிஞ்சு போயிடும். எங்கட ஊர் வெயில்ல டாங்கில இருக்கிற டீசலும் சூடாகும், சூடான டீசல் விரிஞ்சிருக்கும், பம்ப் அளக்கிறது கன அளவைத்தான், அப்ப அதே அளவுக்குள்ள எரியிற பொருள் குறைவு, ரைம் கொஞ்சம் இழுபடும். பின்னேரம் கச்சான் காத்து பிடிச்சா இன்னும் கரைச்சல், 14 செக்கனில முடிக்கிறவரைவிட 20 செக்கன் ஓடுறவருக்குத்தான் அது கூட நேரம் முட்டும்.

தொடக்கக் கோட்டில நிக்கிற இடம்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. நிலத்தோட ரெண்டு லைட் கதிர் போகும், முன் சில்லு முதலாவதை மறைச்சா முன்னால நிக்கிற லைட் கம்பத்தில மேல ஒரு சின்ன பல்ப் பத்தும், இன்னும் ஒரு சாண் உருட்டினா ரெண்டாவதும் பத்தும், அதுதான் நிக்கிற இடம். பிறகு மஞ்சள், மஞ்சள், மஞ்சள், ஒவ்வொண்டுக்கும் அரைச் செக்கன், பிறகு பச்சை. பச்சையைக் கண்டு கிளட்சை விட்டா முடிஞ்சுது கதை. கண் கண்டு கால் அசைஞ்சு சில்லு உருண்டு கதிரை விட்டு வெளியேற நேரம் எடுக்கும், டீசல்ல அது இன்னும் கூட, அதால கடைசி மஞ்சள் பத்தேக்கயே கால் போகோணும். ஒட்டோ கியர் டர்போ வண்டி எண்டா இடது காலால பிறேக்கை அமத்திக்கொண்டு வலது காலால அக்சிலேட்டரைக் கொஞ்சம் குடுத்து டர்போவை முதலே சுத்த விடுவினம். சுவாரசியம் என்னெண்டா, செக்கன் எண்ணுறது சில்லு கதிரை விட்ட பிறகுதான் தொடங்கும், பச்சைக்குப் பிறகு நீங்க தூங்கின நேரம் அந்த 20.40க்குள்ள வராது, ஆனா முந்திப் போய்ச் சேரிறதில அது வரும். கனபேர் அங்கதான் தோக்கிறது.

வெளிக்கிட்ட பிறகு டீசல்காரன் முன்னுக்குப் பாக்கிறதைவிடக் கண்ணாடியிலதான் கூடப் பாப்பான். பின்னால அவன் பெரிசாகிப் பெரிசாகி வாறான். முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வரேக்க நான்தான் முன்னுக்கு எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா பிறேக்கை ஒரு தட்டுத் தட்டோணும், இல்லாட்டி வேகமா முடிச்சு பிரேக்-அவுட் ஆகிடலாம். வெல்லுறதுக்கு பிறேக் அடிக்கிற றேஸ் வேற எங்க இருக்கு சொல்லுங்கோ!

காசு இருக்கிறவன்தான் றேஸ் ஓடலாம் எண்டது எனக்குப் பிடிக்காத கதை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தவை, இடையில பழைய வண்டியின்ர விலை எங்க போச்சு எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்பிடியான நாட்டுக்குப் பொருத்தம் எண்டா இந்த முறைதான். ஆனா ரோட்டில இல்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில இரவில மோட்டர்சைக்கிள் இழுக்கிற தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்லுறன். அமெரிக்காவில 1951ல வொலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. எண்ட டிராக் றேஸ் சங்கத்தைத் தொடங்கினதே தெருவில ஓடினவையை மூடின ஓடுபாதைக்குக் கொண்டு போகத்தான். எங்கட நாட்டில களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில, ரெண்டாம் உலகப்போர் நேரம் பிரித்தானியக் கடற்படை பாவிச்ச ஓடுபாதையில றேஸ் நடத்தியிருக்கினம். மூடின இடம் எண்டாலும் பாக்க வாறவையை எங்க நிப்பாட்டுறது எண்டது முக்கியம், 2024 ஏப்ரல்ல தியத்தலாவை பொக்ஸ்ஹில் றேஸில கார் பாதையை விட்டுப் பாய்ஞ்சு 7 பேர் செத்தது மறந்திருக்காது.

ஆசைப்படுறவைக்கு முதல் வேண்டியது ஒரு கொப்பி. ரயர்ல காத்து எவ்வளவு, டாங்கில எத்தினை லீற்றர், எஞ்சின் சூடு எதில நிண்டது, காத்து எந்தப் பக்கம், எத்தினை செக்கன், எல்லாம் ஓடி முடிச்ச கையோட எழுதோணும், வீட்ட போய் எழுதுவம் எண்டா எழுதுப்படாது. அடுத்த முறை கண்ணாடியில இலக்கம் எழுத முன்னம் அந்தக் கொப்பியில அதே மாதிரி வெயில், அதே மாதிரி காத்து இருந்த நாளைத் தேடிப் பாருங்கோ, கராஜில நிக்கிறவை சொல்லுற இலக்கத்தை எழுதாதேங்கோ.