வீசம் பங்குக்கு முழு நிலமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையில் இருக்கிற பெரியோர்களுக்கும் வணக்கம். "அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் பூர்வீக நிலம் கைவிட்டுப் போகப் பெரிதும் காரணம் குடும்பங்களின் கவனக்குறைவா, சட்டமா?" இதுதான் தலைப்பு. சட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "தாத்தா ஒரு உயில் எழுதி வைத்திருந்தால் இந்த வம்பே கிடையாதே!" என்றார். நல்ல கைதட்டல். அண்ணே, அந்தத் தாத்தா யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கி வைத்திருந்த தென் கரோலைனாவில் பிறந்தவர் அவர். 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மன், விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை தரலாம் என்று கடலோர நிலத்தை ஒதுக்கி உத்தரவு போட்டார். அதே வருடம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அரசாங்கக் காகிதம் என்ன பாடுபடும் என்று கண்ணால் பார்த்த மனிதர் அவர். பிறகு காசு சேர்த்து நிலம் வாங்கினார். வக்கீல் வீட்டுப் படி ஏறப் பணமும் இல்லை, அந்த ஊர் கோர்ட்டை நம்பக் காரணமும் இல்லை. "இது எல்லோருக்கும் பொது, யாரும் விற்கக் கூடாது" என்று பிள்ளைகளிடம் வாயால் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை ஐயா.

சரி, உயில் இல்லை. என்ன ஆகும்? நாலு பிள்ளை, ஆளுக்குக் கால் பங்கு. ஒவ்வொருவருக்கும் நாலு பிள்ளை என்றால் பேரப்பிள்ளைக்கு வீசம், பதினாறில் ஒன்று. எல்லாமே பிரிபடாத பாகம். எந்த மரம் யாருடையது என்று யாராலும் காட்ட முடியாது. பேரன்களில் ஒருவர் டெட்ராய்டில் வேலைக்குப் போனவர், அந்த மண்ணை மிதித்ததே இல்லை. மனைகட்டி விற்கும் கம்பெனி அவரைத் தேடிப் போய்க் கையில் ரொக்கம் கொடுத்து அந்த வீசத்தை எழுதி வாங்குகிறது. அன்றைக்கே அந்தக் கம்பெனி பங்காளி! பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறது. இத்தனை பேருக்கு நிலத்தைத் துண்டு போட முடியாது, ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறது கோர்ட். தெளிவான பத்திரம் இல்லாததால் குடும்பத்துக்கு வங்கி கடன் தராது. ஏலத்தில் எடுக்கப் பணத்தோடு நிற்பது யார்? அந்த வீசம் பங்குக்காரர்தான். மிச்சம் பதினைந்து வீசமும் அடிமாட்டு விலைக்குப் போகிறது.

1910 வாக்கில் கறுப்பின விவசாயிகள் கையில் சுமார் 1.5 கோடி ஏக்கர் இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பகுதி கைமாறிவிட்டது. கறுப்பினக் குடும்பங்கள் விருப்பமில்லாமல் நிலம் இழப்பதற்கு முதன்மைக் காரணம் இந்த உயிலில்லாச் சொத்துதான் என்று அமெரிக்க வேளாண் துறையே சொல்லியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளைகளோடு தென் கரோலைனாவின் ஹில்டன் ஹெட் தீவுக்குப் போயிருந்தேன். விடுதலையான மக்கள் 1862இல் மிச்சல்வில் என்று தங்களுக்கென ஓர் ஊர் அமைத்த தீவு. 1956இல் பாலம் வந்தது, பின்னாலேயே உல்லாச விடுதிகள் வந்தன. நாங்கள் தங்கிய குடியிருப்புக்கு வேலி, வாசலில் காவலாளி, கார் கண்ணாடிக்கு ஒரு சீட்டு. மறுநாள் காலையில் நடக்கப் போனபோது கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, ஓக் மரத்தடியில் சில கல்லறைகள். ஒன்றின் மேல் கிளிஞ்சல்கள், பக்கத்தில் விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பை. போனவர் கடைசியாகப் பயன்படுத்திய பொருளை அங்கே வைப்பது, 'கல்லா' (Gullah) என்று அழைக்கப்படும் இந்தக் கடலோரக் கறுப்பின மக்களின் வழக்கம். யாரோ அண்மையில்தான் தரையைக் கூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விடுமுறைக்கு வந்த எனக்கு அந்த வாசல் உடனே திறந்தது. பாட்டிக்கு ஒரு பூ வைக்க வருகிற பேரன் அதே காவலாளியிடம் பெயர் சொல்லிக் காத்து நிற்க வேண்டும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட எனக்கு அன்று கை பரபரத்தது.

குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்கிறீர்களா? வட கரோலைனாவில் அண்ணன் தம்பி இருவர், குடும்ப நிலத்தில் இருந்த தங்கள் வீட்டைக் காலிசெய்ய மறுத்ததற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று 2011 முதல் 2019 வரை சிறையில் இருந்தார்கள். எட்டு வருடம் ஐயா!

பங்காளிச் சண்டை நம் ஊரில் இல்லையா? ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் 1893இல் வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குப் போட்ட பாகப்பிரிவினைச் சட்டத்தைப் பாருங்கள். முழுச் சொத்தையும் விற்கக் கேட்பவர்களுக்குப் பாதிப் பங்காவது இருக்க வேண்டும். குடும்பத்தின் பிரிபடாத வீட்டில் வெளியாள் பங்கு வாங்கிப் பாகம் கேட்டு வந்தால், அவர் பங்குக்கு மதிப்புப் போட்டுக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 4ஆம் பிரிவு. சண்டை போடுகிற குடும்பத்துக்கும் சட்டம் ஒரு தாழ்ப்பாள் கொடுத்தது.

அமெரிக்காவில் அப்படியொரு தாழ்ப்பாளுக்கு, ஒவ்வொரு மாநிலமும் விரும்பினால் ஏற்றுக்கொள்ளக்கூடிய மாதிரிச் சட்டம் 2010இல்தான் வந்தது. அதை வரைவதில் முன்னின்றவர் தாமஸ் மிச்சல் என்ற சட்டப் பேராசிரியர். விற்கக் கேட்பவரின் பங்கை மற்றவர்கள் மதிப்பீட்டு விலைக்கு வாங்கலாம். அது பூர்வீக மண் என்பதையும் கோர்ட் பார்க்க வேண்டும். தென் கரோலைனா 2016இல் இதை ஏற்று, முந்தைய வருடம் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட போதகரும் மாநில செனட்டருமான கிளெமென்டா பிங்க்னி பெயரை அதற்கு வைத்தது. குடும்பம்தான் காரணம் என்றால் மாநிலங்கள் ஏன் ஐயா இப்படிச் சட்டத்தைத் திருத்தின?

உயில் வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன். சார்ல்ஸ்டனில் 2005 முதல் ஒரு மையம் இந்தக் குடும்பங்களுக்கு வம்சாவளி வரையவும் பத்திரம் சரிசெய்யவும் உயில் எழுதவும் உதவுகிறது. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த தாத்தாவுக்கு இன்று யார் உயில் எழுதுவது? அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கை அதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.